கம்பெனி கொலு

ஓசூர் மழைக்குச் சொல்லிவிட்டு வரும் பழக்கம் கிடையாது. நல்ல வெயில்தானே என்று பொம்மைகளை மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு, பசை வாங்க முக்குக் கடை வரைக்கும் போயிருந்தார்கள் மூன்று பேரும். பசை டப்பாவைக் கையில்கூட வாங்கவில்லை... கொட்டத் தொடங்கிவிட்டது.

எல்லாம் காகிதக் கூழில் செய்த பொம்மைகள். நனைந்தால் மறுபடியும் கூழ்தான். நாகம்மாள் அக்காவுக்கு முட்டிவலி. சாந்தம்மாவுக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஓடக்கூடியவள் தமிழ்செல்வி ஒருத்திதான். போன மார்ச்சில் ரிட்டயர் ஆன ஒரு பெண்மணி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் பறந்ததை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

நாகம்மாள் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினால், மொட்டை மாடி காலியாகக் கிடந்தது. மாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பொம்மைகள் எல்லாம் மேசைமேல் பத்திரமாக நின்றன. பக்கத்தில் ஓர் ஆள்... தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட. ஒரு பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, மூக்குக்கு நேராக வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் சிவப்பு மார்க்கர்.

அவர் திரும்பினார். நரைத்த மீசை. மழைத்துளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... களவாணிக் கண் இல்லை. பரீட்சைத் தாளில் தப்பு கண்டுபிடித்துவிட்ட வாத்தியார் கண்.

யார் என்று அவள் கேட்டதற்கு, கீழ் போர்ஷனுக்கு நேற்று குடி வந்தவர் என்றும், பெயர் திம்மப்பன் என்றும், மழையைப் பார்த்ததும் ஓடிவந்து எடுத்து உள்ளே வைத்ததாகவும் சொன்னார். நன்றி சொல்ல வாய் எடுத்தவள், மேசையைச் சரியாகப் பார்த்தாள். பொம்மைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. இடது பக்கம் நின்றவற்றின் முதுகில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. இடது பக்கம் நின்றவை அத்தனையும் அவள் செய்தவை.

"இது என்னங்க?"

அவர் தன் கையிலிருந்த மார்க்கரை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "கைப்பழக்கம் மேடம்... சிப்காட்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனில முப்பது வருசத்துக்கு மேல க்யூ.சி. பார்த்தனுங்க, தரம் பார்க்கற வேலை. கைக்கு ஏதாச்சும் வந்தா கண்ணு பார்த்துரும், கை குறி போட்டுரும்."

இதோடு வாயை மூடியிருந்தால் கதை அங்கேயே சுபம். க்யூ.சி.க்காரர்களுக்கு அந்தச் சமர்த்து ஏது. "கழுத்துல கிராக்குங்க. ரிஜெக்ட்" என்று சேர்த்துச் சொன்னார்.

தமிழ்செல்வியிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். கைக்கடிகாரக் கம்பெனியில் அசெம்பிளி லைன். தலைமுடி மாதிரி இருக்கும் ஸ்க்ரூவை ஒற்றைக் கண் லென்ஸ் வழியாகப் பார்த்துப் பார்த்து முடுக்கி ரிட்டயர் ஆனவள். அவள் மேசையிலிருந்து போன கடிகாரம் திரும்பி வந்ததில்லை என்பது லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். இப்போது, வேலையெல்லாம் விட்டுவிட்டுத் தன் சந்தோஷத்துக்கு ஒன்றைச் செய்தால்... முன்பின் தெரியாத ஆள்... ரிஜெக்ட்டாம்.

"பொம்மைய வைங்க சார். வெச்சுட்டுக் கீழ போங்க" என்றாள்.

அவர் வைத்தார். போனார். படியில் அவர் நனைந்த செருப்பு சதக் சதக் என்று இறங்கிப்போனது.

நாகம்மாள், சாந்தம்மா, தமிழ்செல்வி மூவரும் ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ், ஒரே கேன்டீன் மேசை. முன்னே பின்னே ரிட்டயர் ஆனார்கள். ஆன புதிதில் தமிழ்செல்வி நன்றாகத் தூங்கினாள். பிறகு அலமாரியைத் துடைத்தாள். துடைத்த அலமாரியையே மறுநாளும் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நாகம்மாள் அக்கா போன் செய்து, செல்போனில் காகிதக் கூழ் பொம்மை வீடியோ ஒன்று பார்த்ததாகவும், சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, நீயும் வா என்றும் கூப்பிட்டாள். பழைய பேப்பரை ஊறவைத்து, பூச்சி வராமல் இருக்க வெந்தயம் அரைத்துச் சேர்த்து, பசையும் சாக்பீஸ் தூளும் போட்டுப் பிசைந்தால் கூழ் தயார். அந்தத் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பேப்பரும் வாங்குவார்கள். மூன்றும் ஒரே வாளியில் ஊறின.

முதலில் பிள்ளையார் செய்தார்கள். பிறகு யானை. அப்புறம் நாகம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. நவராத்திரிக்குக் கொலு. கொலுவில் மற்றவர்கள் கல்யாண செட்டும் செட்டியார் கடையும் வைப்பார்கள் அல்லவா, நாம் கம்பெனி வைப்போம் என்றாள். கேட், கம்பெனி பஸ், கேன்டீன், மிஷின், வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள். கொலு வைப்பது நம்ம பக்கத்து வழக்கம் இல்லையே என்று தெருவில் யாரோ கேட்டதற்கு, ஆயுத பூஜை நம்ம வழக்கம்தானே, அது இந்த ஒன்பது நாளில்தானே வருகிறது என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டாள்.

லைனில் உட்காரும் பெண்களைச் செய்வது தமிழ்செல்வி பொறுப்பு. ஒவ்வொரு முகமும் நிஜமான முகம். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூக்குத்தி வரைக்கும் செய்தாள். அந்த வேலையில் உட்கார்ந்தால் பசி தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த விரல்களுக்குள் இது எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு கெடு இருந்தது. தம்பி அசோக்குமார் அருப்புக்கோட்டையில் இருக்கிறான். அப்பா போனபின் அவனைப் படிக்கவைத்தது அவள் சம்பளம். அந்த ஓட்டத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோனாள்... மற்றவர்களும் சௌகரியமாக மறந்துபோனார்கள். தம்பி நன்றி மறந்தவன் இல்லை. அக்காவுக்கென்று மாடியில் ஓர் அறை கட்டி, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருக்கிறான். ரிட்டயர் ஆன அன்றே, நவராத்திரி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்போது பொம்மை கிடையாது. வாக்குக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

மறுநாள் காலை யாரும் வருமுன் அவள் அந்தப் பொம்மைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்... எல்லாவற்றிலும். வெயிலில் அவசரமாகக் காயவைத்ததன் பலன். அந்த மனுஷன் வெறும் கண்ணால், அதுவும் மழைத்தண்ணி வழியும் கண்ணாடியோடு, இதைப் பார்த்திருக்கிறார். அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. தப்பாகச் சொன்னவரை மன்னித்துவிடலாம், சரியாகச் சொன்னவரை எப்படி மன்னிப்பது?

ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. கழுத்தைப் பிரித்து, புதுக் கம்பி வைத்து, நிழலில் காயவைத்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை என்று சாந்தம்மா புகார் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திம்மப்பன் படியேறி வந்தார். கையில் தளியிலிருந்து கொண்டுவந்த பீன்ஸும் கேரட்டும். அவர் சொந்த ஊர் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். மனைவி போய் இரண்டு வருஷம். மகள் மாதேஸ்வரியைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் நாகம்மாள் கேட்டு வாங்கிய தகவல். வாசலிலேயே நின்றவர், பையை நாகம்மாளிடம் கொடுத்தார். பேச்சை மட்டும் தமிழ்செல்வியைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், நான் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்லைங்க. அடுத்தவன் செஞ்சத எடுத்துப் பார்த்து, ஆகும் ஆகாதுன்னு சொன்னதுதான் என் பொழப்பு. வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல. அன்னிக்கு உங்க பொம்மைய கையில எடுத்தப்ப... அந்த மூக்குத்தியப் பார்த்தப்ப... நாமளும் ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு தோணிப்போச்சு. கத்துக் குடுப்பீங்களா?"

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மார்க்கரக் கீழ வெச்சுட்டு வாங்க" என்றாள் தமிழ்செல்வி. சாந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவருக்குக் கூழ் பிசையும் வேலை கொடுக்கப்பட்டது. எத்தனை கிராம் பேப்பருக்கு எத்தனை கிராம் வெந்தயம் என்று கேட்டார். கையில் ஒட்டாமல் வரணும், அதுதான் கிராம் என்றாள் சாந்தம்மா. பிசைந்தார். வேர்க்க விறுவிறுக்கப் பிசைந்தார். பத்து நாள் கழித்து, தனியாக ஒரு பொம்மை செய்ய அனுமதி கிடைத்தது. கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி.

செய்து முடித்ததைக் கொண்டுவந்து தமிழ்செல்வி முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் லென்ஸை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தாள். உருளைக்கிழங்குக்குத் தொப்பி போட்டது போல இருந்தது.

"என்ன சார், தலை தோள்ல சாஞ்சிருக்கு?"

"நைட் ஷிப்ட் மேடம்."

"கண்ணு?"

"அதான் சொன்னனே... நைட் ஷிப்ட்டு. மூடியிருக்கு."

"மூக்கையே காணோமே?"

"இவ்வளவு கேட்டா அவரு வேலைய விட்டுப் போயிருவாருங்க."

தமிழ்செல்வி சிரித்துவிட்டாள். லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேசையில் விழுந்து உருண்டது. அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நாகம்மாளே கேட்டதில்லை. திம்மப்பன் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் அவள்தான் கம்பி வளைக்கச் சொல்லிக்கொடுத்தாள். விரலை இரும்பு மாதிரி வைக்காதீர்கள் என்று அவர் கட்டைவிரலைப் பிடித்து இறக்கினாள். வேலைக்காகப் பிடித்த பிடிதான்... ஆனால் அவர் மூச்சு விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் விரலும் அங்கேயே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது. ச்சீ... என்ன இது, இந்த வயசில். அன்று வீட்டுக்குப் போகும்போது தெருவில் இருந்த அத்தனை நாய்களிடமும் அன்பாகப் பேசிக்கொண்டு போனாள்.

நவராத்திரிக்கு முந்தின வாரம். பெயின்ட் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் இருவரும் போனார்கள். நாகம்மாளுக்கும் சாந்தம்மாவுக்கும் அன்றைக்குப் பார்த்து ஒரே நேரத்தில் தலைவலி வந்திருந்தது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடைதான். அதன் கீழ் இருவரும் சேர்ந்து நடக்கக் கூச்சப்பட்டு, ஒரு பேக்கரித் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். ரோட்டில் தண்ணீர் வாரியடித்தபடி கம்பெனி பஸ்கள் போயின. ஷிப்ட் விடும் நேரம். ஜன்னல் கண்ணாடிகளில் தூங்கும் முகங்கள்.

அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். மாடி அறை பற்றி. வாக்குக் கொடுத்தது பற்றி. விஜயதசமி முடிந்ததும் கூட்டிப்போக வருகிறான் என்பது பற்றி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும்... சொல்லட்டுமே.

திம்மப்பனுக்குள்ளும் அந்த வார்த்தைதான் இருந்தது. ஆனால் எந்த உரிமையில் சொல்வது? தம்பி, ரத்த சொந்தம், அறை கட்டிக் காத்திருக்கிறவர். தான் யார், கூழ் பிசைகிறவன். போதாக்குறைக்கு அவள் முடியாது என்று சொல்லிவிட்டால்... வேண்டாம் என்று அடுத்தவருக்குச் சொல்லியே பழகிய மனுஷனுக்கு, வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மழை விட்டுருச்சு போல மேடம், போலாமுங்களா?" என்றார்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடைக்குக் காத்திராமல் நனைந்துகொண்டே முன்னால் நடந்தாள்.

நாகம்மாள் வீட்டில் கொலு அமர்க்களமாக அமைந்தது. மேல்படிகளில் சாமிகள். கீழே தரையில் கம்பெனி. வேலையில் இருக்கும் பெண்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று பலர் பார்க்க வந்தார்கள். லைனில் உட்கார்ந்திருக்கும் பொம்மைகளில் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே லைனில் வேலை பார்த்த முனிலட்சுமி உத்தனப்பள்ளியிலிருந்து வந்தவள், தன் பொம்மையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என் வேலையை இவ்வளவு அழகாக யாரும் பார்த்ததில்லை என்றாள். தமிழ்செல்விக்கு அன்று எதுவும் சாப்பிடத் தோன்றவில்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது. அடுத்த வருஷம் கேன்டீனைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் திட்டம் ஓடியது... ஓடிப்போய் முட்டி நின்றது. அடுத்த வருஷம் அவள் எங்கே இருப்பாள்?

ஆயுத பூஜை அன்று காலை அசோக்குமார் வந்து இறங்கினான். காகித மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குக் கொலு பிடித்திருந்தது. அக்காவா செய்தது என்று நாலு தடவை கேட்டான். பிறகு வாசலில் திம்மப்பனோடு உட்கார்ந்து பேசினான். அக்கா முகம் சரியில்லை, வரத் தயங்குகிறாள் போலிருக்கிறது, பெரியவர் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டான்.

சுண்டல் தட்டோடு வந்த தமிழ்செல்வி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"அங்க வர்றதுதான் அவங்களுக்கு நல்லதுங்க" என்றது திம்மப்பனின் குரல். "இங்க தனியா இருக்காங்க. இந்தக் குளுரு வேற. சொந்தம் கூட இருக்கறதுதான் சரி."

சரி. பாஸ் பண்ணி அனுப்பிவிட்டார்.

அவள் அழவில்லை. தட்டைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தாள், சிரித்தாள், ஆரத்திப் பாட்டுக்குக்கூடக் குரல் கொடுத்தாள். உள்ளே மட்டும் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. அவர் போகச் சொல்லிவிட்டார், தம்பி வரச் சொல்கிறான். நான் என்ன சொல்கிறேன்? நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே... எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

விஜயதசமி காலை, அவள் வாடகை வீட்டில் தம்பி கட்டில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. அவள் காபியைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மெத்தைய விரிச்சு விட்ரு அசோக். நான் வரல."

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. என்ன குறை வைத்தேன், அவள் ஏதாவது பேசினாளா என்று தன் மனைவியைச் சந்தேகப்பட்டான். யாரும் எதுவும் பேசவில்லை, நீ ஒரு குறையும் வைக்கவில்லை என்றாள்.

"அப்புறம் என்னக்கா? பொம்மை செய்யறதுக்காகவா இங்க இருக்கப் போற?"

"ஆமா. பொம்மை செய்யறதுக்காகத்தான்." சொன்ன பிறகு அவளுக்கே தைரியம் கூடியது. "வேலைக்கு வந்தது வீட்டுக்காக. ஓவர்டைம் பார்த்தது உனக்காக. நான் குறையா சொல்லல, சந்தோஷமாத்தான் செஞ்சேன். இப்பத்தான் எனக்குப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. அத விட்டுட்டு வரமாட்டேன் அசோக். நீ அழுதாலும் வரமாட்டேன்."

தம்பி முட்டாள் இல்லை. அந்த சார்தான் காரணமா என்று மெல்லக் கேட்டான். அவளுக்குக் கன்னம் சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"அவருதான் உன்னைப் போகச் சொல்லிட்டாரேக்கா."

"அவர் சொன்னா நான் போயிடணுமா?"

அவன் மென்று விழுங்கினான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டான். "அவங்க... என்ன ஆளுக?"

"முப்பது வருஷம் க்யூ.சி. பார்த்த ஆளுக" என்றாள் தமிழ்செல்வி. "வேற என்ன தெரியணும் உனக்கு?"

கோபமா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு ராத்திரி டிக்கெட்டை கேன்சல் செய்தான். மத்தியானமே கிளம்புகிறேன் என்றான். பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பொங்கலுக்காவது வருவாயா என்று கேட்டான். வருவேன் என்றாள். மாடி அறையைப் பூட்டமாட்டேன் என்றான். பஸ் போனபிறகுதான் அவள் அழுதாள். அழுது முடித்து, வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் நாகம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.

பெண்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெளியே தூறல். கொலு முடிந்ததற்கு அடையாளமாக வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்ததால், எதைப் படுக்கவைப்பது என்று தெரியாமல் படிக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார் திம்மப்பன். சவரம் செய்யாத முகம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், சொல்லிக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா மேடம்?"

தமிழ்செல்விக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. சொல்லிவிடலாமா... வேண்டாம். இருக்கட்டும்.

"தம்பிகிட்ட நீங்க சொன்னதக் கேட்டேன்" என்றாள்.

அவர் கையைப் பிசைந்தார். உங்களுக்கு எது நல்லதோ அதைத்தான் சொன்னேன் என்றார். தம்பி நல்ல பிள்ளை, உங்களைத் தாங்குவார் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியாக வரும் என்று, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் போல ஒப்பித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி எது, நல்லது எதுன்னு நான் உங்களக் கேக்கல. அது எனக்கே தெரியும். உங்களுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

திம்மப்பன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். வாயைத் திறந்தார். கம்பெனியில் பேசிய தமிழ், இங்கிலீஷ் எல்லாம் அவரைக் கைவிட்டுவிட்டன. அம்மாவிடமும் மனைவியிடமும் பேசிய மொழி மட்டும்தான் வந்தது. அதிலும் ஒரே ஒரு வார்த்தை.

"ஹோகபேடி."

போகாதீர்கள்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தமிழ்செல்வி கன்னடத்தில் காய் வாங்கியிருக்கிறாள், கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் இந்த வார்த்தையை எந்த மொழியிலும், யாரும் அவளிடம் சொன்னதில்லை. வேலைக்குப் போ என்றிருக்கிறார்கள், பணம் அனுப்பு என்றிருக்கிறார்கள், வா என்றிருக்கிறார்கள். போகாதே என்று ஒருவர் அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"தம்பி மத்தியான பஸ்ஸுக்கே போயிட்டான்" என்றாள். "இந்நேரம் சேலம் தாண்டியிருப்பான். தனியாத்தான் போறான்."

அவருக்கு அது மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் கொலுப்படியைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் நான் சொல்வதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்களா என்று தட்டுத் தடுமாறிக் கேட்டார்.

"காலையிலயே. நான் இங்க இருக்கறது எனக்காக. உங்களுக்காக இல்ல, அத நல்லா தெரிஞ்சுக்குங்க." அவள் குரல் இப்போது நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஆனா... நீங்க வேணும்னு நினைக்கறதும் எனக்காகத்தான்."

திம்மப்பன் சுவரோரம் கிடந்த நாற்காலி இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து, கொலுவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.